மிஸ்டர் நடராசா எங்கே?

போன மாதம், என் பழைய கந்தோரில் இப்போது வேலை பார்க்கும் அபிராமி என்ற பிள்ளை தொலைபேசியில் ஒரு கதை சொல்லிச் சிரித்தாள். பதினேழு வயதுப் பையன் ஒருவன், கார் ஓட்டச் சோதனை பாஸ் பண்ணிய கையோடு, சோதனை நிலைய வாசலில் நின்றபடியே தகப்பனின் கார் இன்சூரன்ஸில் தன் பெயரைப் போனிலேயே சேர்த்துவிட்டானாம்.

"உங்கட காலத்தில உதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் அன்ரி?"

"ஒரு பிள்ளைக்கு ஒரு கிழமை எடுத்தது. அதுக்குள்ள ஒரு மனிசன் செத்து, திரும்ப உயிரோட வந்தவர்" என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு, "உண்மையெண்டால் எழுதுங்கோ" என்றாள். எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடிக்கப் போகிறேன் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற மனுஷிக்கு அந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் பென்சன் எடுத்து என்ன பயன்?

என் பெயர் றீற்றா. நெடுந்தீவுக் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் அந்தோனியோடு ரொறன்ரோவுக்கு வந்து, டோனட் கடையில் மேசை துடைத்து, பின்னேர வகுப்பில் ரைப்பிங் படித்து, எண்பத்துமூன்றில் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலையிலிருந்த இன்சூரன்ஸ் புரோக்கர் கந்தோரில் சேர்ந்தேன். புரோக்கர் பரீட்சையில் முதல் தரம் குண்டடித்தேன், இரண்டாம் தரம் பாஸ். படிப்புக் கதை அவ்வளவுதான்.

அந்த வருஷத்து இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் சனம் வந்து இறங்கத் தொடங்கியது. முதலில் அடுக்குமாடி, பிறகு மல்வேர்ன் பக்கத்தில் ரவுன்ஹவுஸ் என்ற வரிசை வீடு ஒன்று, அதன் வாசலில் ஒரு பழைய கார். காருக்கு இன்சூரன்ஸ் எடுக்க எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். தமிழில் கேள்வி கேட்டுத் தமிழில் பதில் வாங்க அந்தப் பக்கத்தில் அப்போது வேறு ஆள் இல்லை.

கந்தோரின் சொந்தக்காரி மிஸிஸ் கால்டர். ஸ்கொட்லாந்துக்காரி, மெலிந்து நெட்டையானவர், ஒருபோதும் குரலை உயர்த்தாதவர். காதில் பெரிய பொத்தான் மாதிரிக் கிளிப் தோடு போட்டிருப்பார். தொலைபேசியை எடுக்குமுன் இடப்பக்கத் தோட்டைக் கழற்றி மேசையில் வைப்பார். இரண்டு தோட்டையும் கழற்றினால் அன்றைக்கு யாரோ ஒரு இன்சூரன்ஸ் கொம்பனிக்காரனுக்குச் சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் ரைப்ரைட்டரை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வோம்.

அவரிடம் நான் படித்த பெரிய வித்தை ஒரு கேள்வி. "இந்தக் காரை யார் ஓட்டுகிறார்கள்?" என்று அவர் ஒருநாளும் கேட்கமாட்டார். கேட்டால் எல்லாத் தகப்பன்மாரும் நெஞ்சில் கைவைத்து, "நான் மட்டும்தான்" என்பார்கள். "எனக்கு உங்கள் திங்கட்கிழமையைச் சொல்லுங்கள்" என்பார் மிஸிஸ் கால்டர். காலையில் கார் எப்போது வாசலை விட்டுப் போகிறது, யார் போகிறார்கள், கார் எங்கே நிற்கிறது, யார் திருப்பிக் கொண்டு வருகிறார்கள், இரவு எங்கே நிற்கிறது. அவர் பேனையைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். இடையில் "பிறகு?" என்ற சொல் மட்டும் வரும். திங்கட்கிழமை முடியும்போது மைத்துனன், மச்சாள், கீழ் அறையில் இருக்கும் ஊர்ப்பெடியன் எல்லோரும் காரிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் பேனை திறக்கும்.

இளம் பிள்ளையைச் சேர்ப்பதென்றால் இன்னொரு சட்டம். பிள்ளை நேரில் வரவேண்டும். தகப்பன் பின்வரிசைக் கதிரையில், பிள்ளை மேசைக்கு முன்னால். பதில் பிள்ளைதான் சொல்லவேண்டும். அதன் பிறகு நாங்கள் நகர மையத்தில் இருக்கும் கொம்பனியைத் தொலைபேசியில் கூப்பிடுவோம். அங்கே அண்டர்ரைட்டர் என்று ஒரு மனிதர் இருப்பார். யாரை ஏற்பது, யாரைத் தள்ளுவது என்று தீர்ப்புச் சொல்பவர் அவர். அவர் ஓம் என்றால் அந்த நிமிஷத்திலிருந்து பிள்ளைக்குக் காப்புறுதி உண்டு. நான் காப்புறுதிக்குச் சாட்சியான பிங்க் நிற அட்டையை ரைப் பண்ணிக் கையில் கொடுப்பேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், தகப்பன்மார் மகனைக் கூட்டிக்கொண்டு வரும் நாள்தான். அந்தக் காலத்தில் இளம் பெடியன்களுக்குக் கொம்பனிகள் கேட்ட பணம் காரின் விலையோடு மல்லுக்கட்டும். பெட்டைகளுக்கு அப்படி இல்லை. சின்னத்துரை அங்கிள் என்று ஒருவர் மகனோடு வந்தார். கூட வந்த மூத்த மகள் மூலையில் இருந்து சஞ்சிகை புரட்டிக்கொண்டிருந்தாள். மகனின் தொகையைச் சொன்னேன். அங்கிள் தொப்பியைக் கழற்றினார்.

"உவன் என்ன, ஏரோப்பிளேனே ஓடப்போறான்?"

"மகளுக்கெண்டால் இதில கால்வாசியும் வராது அங்கிள்."

"அவள் ஏன் கார் ஓடவேணும்?" என்றார். பிறகு அந்தத் தொகையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "பிள்ளை, உனக்கு லைசென்ஸ் எடுக்க விருப்பமோ?"

அடுத்த கோடையில் அந்தப் பெட்டை தம்பியைக் கராத்தே வகுப்புக்கு ஏற்றிப் போனதை என் கண்ணால் கண்டேன். ஸ்காபரோவில் எங்கள் பெட்டைகளின் கையில் கார்ச் சாவியைக் கொடுத்தது மேடைப் பேச்சுகள் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த விலைப்பட்டியலுக்கும் அதில் பங்குண்டு.

இனி நடராசா குடும்பத்துக்கு வருகிறேன். எண்பத்தாறு, மாசி மாதம், உறைபனி. நடராசா அண்ணை மல்வேர்னில் இருந்தார், தொழிற்சாலை வேலை. மனைவி பரமேஸ்வரி பிக்கரிங்கில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் விடியற்காலை ஷிப்ட். அந்த நேரத்தில் அங்கே போக பஸ் இல்லை. அண்ணைதான் இருட்டோடு எழும்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். ஒருநாள் வாசல்படியில் பனியில் சறுக்கி விழுந்து வலக்கை முறிந்துவிட்டது. தோள் வரைக்கும் மாக்கட்டு. தொழிற்சாலை அவரை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டது. அடுப்பெரிவது இனிப் பரமேஸ்வரியின் சம்பளத்தில்தான். அவளுக்கோ அந்தக் கிழமை வேலைக்குப் போக வழியில்லை. அடுத்த திங்களும் வராவிட்டால் வேறு ஆளை எடுப்போம் என்று சலவைப் பகுதியில் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் கார் ஓடத் தெரிந்த இன்னொரு ஆள் மகள் சுதா மட்டுந்தான். பதினேழு வயது. பள்ளிக்கூடத்திலேயே பழகி, மூன்று கிழமைக்கு முன்னர்தான் லைசென்ஸ் எடுத்திருந்தாள்.

"சொல்லாமல் ஓடவிடு, இருட்டுக்குள்ள ஆர் பாக்கப்போறான்?" என்று அயலில் எல்லோரும் புத்தி சொல்லியிருக்கிறார்கள். பரமேஸ்வரி மறுத்துவிட்டாள். "அடிபட்டால் அவனவன் வீட்டுக்குள்ள போயிடுவான். நடுறோட்டில நிக்கப்போறது என்ர பிள்ளை" என்றாளாம். தகப்பனும் மகளும் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி எங்களிடம் வந்தார்கள்.

மிஸிஸ் கால்டர் சுதாவை முன்னால் இருத்தித் திங்கட்கிழமையைக் கேட்டார். பிள்ளை ஒன்றும் விடாமல் சொன்னாள். அம்மாவை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, காரை வாசலில் விட்டுவிட்டு, நடந்து பள்ளிக்கூடம்.

"போகும்போது காரில் யார் கதைப்பார்கள்?" என்று கேட்டார் மிஸிஸ் கால்டர்.

"அம்மா. ஒவ்வொரு சிவப்பு லைற்றுக்கும் முதலே சொல்லுவா."

மிஸிஸ் கால்டர் பேனையைத் திறந்தார். "இந்தப் பிள்ளையைச் சேர்க்கலாம், றீற்றா. கூப்பிடு" என்றார்.

கொம்பனியில் அண்டர்ரைட்டர் மிஸ்டர் ப்ரூக். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் நெருப்பு மணக்கும் மூக்கு. காரின் காப்புறுதிப் பொலிசிக்காரர் கந்தையா என்று அவரிடம் பதிவு. சேர்க்கவேண்டிய மகள் சுதா நடராசா என்றேன்.

"மகள் என்கிறீர்கள். பெயர் வேறாக இருக்கிறதே?"

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பனின் பெயரைத்தான் பிள்ளை தன் பெயரோடு சேர்ப்பது என்று விளக்கினேன். நடராசாவின் தகப்பன் கந்தையா, ஆகவே அவர் கடதாசியில் மிஸ்டர் கந்தையா. சுதாவின் தகப்பன் நடராசா, ஆகவே அவள் மிஸ் நடராசா. எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அவருக்கு இல்லை.

"வீட்டில் வேறு யார்?"

"மனைவி பரமேஸ்வரி நடராசா. பொலிசிக்காரரின் தம்பி சிவபாலன் கந்தையா, அவருக்கு லைசென்ஸ் இல்லை."

"ஆக, கந்தையா என்று இரண்டு ஆண்கள். நடராசா என்று ஒரு தாயும் மகளும். அப்படியென்றால் மிஸ்டர் நடராசா எங்கே?"

"என் முன்னால் இருக்கிறார்."

"அவர் மிஸ்டர் கந்தையா என்றீர்களே?"

"ஓம், அவர்தான்."

"சரி, மிஸ்டர் கந்தையா எங்கே?"

"அவர் யாழ்ப்பாணத்தில் செத்துக் கனகாலம்" என்று வாய் தவறி வந்துவிட்டது. கிழவரைத்தான் சொன்னேன்.

"எங்கள் பொலிசிக்காரர் இறந்துவிட்டாரா?" என்றார் மிஸ்டர் ப்ரூக்.

அவரைத் திரும்ப உயிர்ப்பிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில், தானே வீட்டுக்கு எடுத்து விசாரிப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தார். முன்னால் இருந்த நடராசா அண்ணைக்கு ஆங்கிலம் அரைவாசி விளங்கியிருந்தது. "ஆர் செத்தது?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

புதன் பின்னேரம் மிஸ்டர் ப்ரூக் வீட்டுக்கு எடுத்திருக்கிறார். எடுத்தது பரமேஸ்வரி. வியாழன் காலை எனக்குத் தீர்ப்பு வந்தது: சேர்க்க முடியாது. "அந்தப் பெண்மணியிடம் கணவரின் பெயரைக் கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார். மூன்று தரம் கேட்டேன். 'டோட்டர்ஸ் பாதர்', மகளின் தகப்பன் என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டில் ஒரு நடராசாவை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவருடைய கார் ஓட்டம் நல்லதாக இருந்தால் ஏன் ஒளிக்கவேண்டும்? பொலிசியையே மறுபரிசீலனை செய்யப்போகிறோம்" என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. யார்மீது கோபம் என்றுதான் தெரியவில்லை. உடனே பரமேஸ்வரிக்கு எடுத்தேன்.

"ஏன் அக்கா பேர் சொல்லேல்லை?"

"எப்பிடி றீற்றா சொல்லுறது?" அழுவாள் போல இருந்தது. "கலியாணங் கட்டி இருவது வருசம். ஒருநாளும் அந்தாளின்ர பேர் என்ர வாயால வந்ததில்லை. ஆயுசு குறைஞ்சிடும் எண்டு சொல்லுவினம். ஏற்கெனவே கை வேற முறிஞ்சு கிடக்கு."

அது சரி, எங்கள் பெண்களுக்கு அது புதினமில்லை. 'இஞ்சேருங்கோ' என்று கூப்பிட்டே காலத்தைக் கழித்தவர்கள். இதில் பெரிய வேடிக்கை, சலவைப் பகுதியில் அவளை நாள் முழுக்க 'மிஸிஸ் நடராசா' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரென்ன என்று யாராவது கேட்டால் அவள் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையைக் காட்டிவிட்டு நிற்பாள். தொலைபேசியில் அட்டையை எப்படிக் காட்டுவது?

மிஸிஸ் கால்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கலியாண எழுத்துத் துண்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோனவை, ஊரிலிருந்து பிரதி எடுக்க மாதக்கணக்காகும் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒருபோதும் சொன்னதில்லையா? வீடு எரியும்போதும்?"

"அப்போதும் இஞ்சேருங்கோதான்."

"நீயும் அப்படியா?"

"நான் குப்பை போடும் நாளில் அந்தோனி என்று போடுகிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும்" என்றேன். மிஸிஸ் கால்டர் சிரிக்கவில்லை. நாளைக்கு முழுக் குடும்பத்தையும் வரச் சொல் என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். பரமேஸ்வரி பெரிய கோட்டுக்குள் சுருங்கிப்போய் இருந்தாள். மிஸிஸ் கால்டர் ஒரு தோட்டைக் கழற்றினார். பிறகு மற்றத் தோட்டையும் கழற்றினார். கந்தோரில் ரைப்ரைட்டர்கள் நின்றன.

"மிஸ்டர் ப்ரூக், அந்தப் பெண்மணி மறுக்கவில்லை" என்றார் தொலைபேசியில், வழக்கமான மெல்லிய குரலில். "நீங்கள் அவரிடம் கேட்டது சின்னக் கேள்வி என்று நினைத்தீர்கள். அவருடைய ஊரில் மனைவி கணவனின் பெயரை உச்சரிப்பது வழக்கமில்லை. உங்களுக்கு ஒரு குடும்பத்தின் வருமானத்தை நிறுத்தும் உரிமை இருக்கிறது. ஆனால் அதை நிறுத்துமுன் அவரை இன்னொரு தரம் கேட்கவேண்டிய கடமையும் இருக்கிறது. அவர் இங்கே இருக்கிறார்."

தொலைபேசியைப் பரமேஸ்வரியிடம் நீட்டினார். பூனைக்கு மணி கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, சொல்லாட்டில் திங்கள் வேலை போச்சு. பிறகு காரும் போயிடும்."

அவள் கணவனைப் பார்த்தாள். நடராசா அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. அவரும் இருபது வருஷமாக மனைவி வாயில் தன் பெயரைக் கேட்டதில்லை அல்லவா?

"சொல்லுமப்பா" என்றார். "நான் காதைப் பொத்துறன்."

இடக்கையால் இடக்காதைப் பொத்தினார். வலக்கை மாக்கட்டுக்குள் கிடந்தது. வலக்காது திறந்தபடி இருந்தது. அதைப் பார்த்த சுதா எழுந்து வந்து, தகப்பனின் மற்றக் காதைத் தன் கையால் பொத்தினாள்.

பரமேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு தொலைபேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"மை ஹஸ்பண்ட் நேம்," என்றாள். நின்றாள். மூச்செடுத்தாள். "நடராசா!"

வெளிவாசல்வரை கேட்டிருக்கும். பொத்திய காதுக்குள்ளும் போயிருக்கும், அண்ணையின் உடம்பு ஒருதரம் குலுங்கியது. மறுமுனையில் மிஸ்டர் ப்ரூக் ஏதோ கேட்டார். கந்தையா யார் என்று கேட்டிருக்கவேண்டும்.

"கந்தையா, ஹிஸ் பாதர். டெட். நோ கார். ஹீ ஹாவ் மாட்டு வண்டில்." அவள் இப்போது கண்ணைத் திறந்துவிட்டாள். தேர் அசையும்வரைதான் பாரம். "நடராசா மை ஹஸ்பண்ட். ஐ நடராசா, பிக்கோஸ் நடராசா. மை டோட்டர் நடராசா, பிக்கோஸ் நடராசா. வன் மான், வன் ஹவுஸ், வன் கார். யூ ரைட்!"

மிஸ்டர் ப்ரூக் எழுத்தைக் கூட்டச் சொன்னார் போலும். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். சொல்லிமுடித்து, அவர் கேட்காமலே முழுப் பெயரையும் இன்னொரு தரம் சொன்னாள். பிறகு தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் கதிரையில் இருந்தபடி கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். அவளுக்கு வியர்த்திருந்தது.

"அந்தப் பெண்மணியிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்," என்றார் மிஸ்டர் ப்ரூக். "மிஸ் நடராசாவுக்கு இந்த நிமிஷத்திலிருந்து காப்புறுதி. பொலிசியிலும் கை வைக்கமாட்டோம்."

நான் தமிழில் சொன்னேன். சுதா கையை எடுத்தாள். அண்ணைக்கு வெற்றி தோல்வி தெரியாது, பெண்சாதியின் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டார். நான் பிங்க் அட்டையை ரைப் பண்ணினேன். எத்தனையோ பொலிசி எழுதியிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் அந்த அட்டையைக் கொடுக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. மிஸிஸ் கால்டர் தோடுகளைப் போட்டுக்கொண்டு, "அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார்.

அந்த வசந்தத்தில் மிஸ்டர் ப்ரூக்கே ஒருநாள் எனக்கு எடுத்தார். வேறு ஒரு கந்தோரிலிருந்து மூன்று பெயர்களோடு ஒரு வீடு வந்திருக்கிறதாம், இதுவும் ஒரே குடும்பமாக இருக்குமா என்று கேட்டார். பெயரை விடுங்கள், யார் யாருக்கு என்ன முறை என்று கேளுங்கள் என்றேன். அதன் பிறகு அந்தக் கொம்பனியில் எங்கள் ஆட்களிடம் அப்படித்தான் கேட்டார்கள். நான் ஓய்வுபெறும்வரை அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளையும் பெயரால் தள்ளப்படவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன், அபிராமி.

இனி மிச்சம். பெயர் சொன்ன நாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கந்தோர் வாசலில் ஒரு கார் வந்து, தரிப்பிடக் கோடுகளுக்குள் ஒழுங்காக நின்றது. ஓட்டுநர் இருக்கையில் சுதா. பக்கத்தில் பரமேஸ்வரி, மடியில் எங்களுக்கென்று சுட்ட வடை. நான் குளிரில் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"ஒரு நாளும் பிந்தேல்லை றீற்றா," என்றாள் பரமேஸ்வரி. "திங்கள் நான் உள்ள போகேக்குள்ள அங்க லைற்றே போடேல்லை. வேலை என்ர கையிலதான் இருக்கு."

பின் சீற்றில் இருந்து நடராசா அண்ணை எட்டிப் பார்த்தார். "வேலை மட்டுமே? எல்லாம் இப்ப அவவின்ர கையிலதான். நான் பின்னுக்கு இருந்து வாறன். பொத்தின காதாலயும் கேட்டுப்போட்டன் எண்டு தெரிஞ்சாப் பிறகு, மனிசி..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. சுதா கார்த் திறப்பைத் திருப்பினாள். பரமேஸ்வரி பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"நடராசா," என்றாள், "பெல்ற்றைப் போடுங்கோ. பிள்ளை கார் எடுக்கப்போறாள்."

அவர் மறுபேச்சில்லாமல் ஒற்றைக் கையால் பெல்ற்றை இழுத்துப் பூட்டினார்.